தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டை அடக்கும் நச்சுயிரி

சிதம்பரம் வட்டத்தில் கிள்ளை, பிச்சாவரம் மற்றும் அவற்றைச் சுற்றியுள்ள கடலோரச் சிற்றூர்களில் வீட்டுக்கொல்லையிலும் மணற்பாங்கான மேட்டு நிலத்திலும் தென்னை வளர்க்கப்படுகிறது. சிறு விவசாயிக்குப் பத்து மரம் இருந்தாலும் அது ஆண்டு முழுவதும் கைக்குக் காசு தரும் மரமாகும். இந்த மரத்தின் குருத்தைக் குடைந்து அழிக்கும் காண்டாமிருக வண்டுக்கு எத்தனை மருந்து வைத்தாலும் அது மீண்டும் மீண்டும் வருகிறது என்பது பலருடைய குறை.

மருந்துக்கு அடங்காத இந்த வண்டை, அதற்கே உரிய ஒரு நோயைக் கொண்டு அடக்க முடியும். அந்த நோயை உண்டாக்குவது ஒரு நச்சுயிரி, அதாவது வைரஸ். பசிபிக் தீவுகளிலும் நம் நாட்டின் இலட்சத்தீவுகளிலும் பயன் தந்த முறை இது. இதனை எப்படிக் கையாள்வது, எங்கே தவறினால் பலன் கிடைக்காது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மருந்து ஏன் தோற்கிறது?

பூச்சி மருந்து இரண்டு வழிகளில் தோற்கிறது. முதலாவது, பூச்சியே மருந்தைத் தாங்கும் திறன் பெற்றுவிடுவது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும்போது, அதைத் தாங்கக்கூடிய சில பூச்சிகள் மட்டும் பிழைத்து முட்டையிடுகின்றன. சில தலைமுறைகளில் வயல் முழுவதும் அவற்றின் வாரிசுகளே நிறைந்துவிடுகின்றன. 1987-ஆம் ஆண்டில் ஆந்திரக் கடலோரப் பருத்தி வயல்களில் பச்சைக் காய்ப்புழு பைரித்ராய்டு மருந்துகளுக்கு அடங்காமல் பெருஞ்சேதம் விளைவித்தது இவ்வகையைச் சேர்ந்தது. மேலை நாட்டு ஆப்பிள் தோட்டங்களில் காய்த்துளைப்பான் அந்துப்பூச்சி டி.டி.டி. மருந்துக்கும், அதன்பின் வந்த பல மருந்துகளுக்கும் இவ்வாறே பழகிவிட்டது.

இரண்டாவது, மருந்து பூச்சியைச் சென்று அடையாமல் போவது. காண்டாமிருக வண்டின் கதை பெரும்பாலும் இதுதான். வண்டு குருத்தின் உட்புறம் துளைத்துச் சென்று பகல் முழுவதும் உள்ளே இருந்து தின்கிறது. அதன் புழு எருக்குழியின் ஆழத்திலும் மக்கிய மரத்தின் உள்ளும் வாழ்கிறது. மேலே தெளிக்கும் மருந்து இவ்விரு இடங்களிலும் சரிவரப் போய்ச் சேர்வதில்லை. உயர்ந்த மரத்தில் ஏறி மருந்து வைப்பதற்கு ஆள் கிடைப்பதும் அரிது.

முன்பு மணலுடன் பி.எச்.சி. தூளைக் கலந்து மட்டை இடுக்கில் இடுவதும், எருக்குழியில் கார்பரில் தெளிப்பதும், குருத்தில் போரேட் குருணை வைப்பதும் வழக்கத்தில் இருந்தன. நம் நாட்டில் பி.எச்.சி. 1997-ஆம் ஆண்டிலும், கார்பரில் 2018-ஆம் ஆண்டிலும் தடை செய்யப்பட்டன. போரேட் 2020-ஆம் ஆண்டு முடிவுடன் நிறுத்தப்பட்டது. பழைய பழக்கத்தில் இம்மருந்துகளைத் தேடி வாங்கிப் பயன்படுத்துதல் கூடாது.

வண்டின் வாழ்க்கை

எதிரியை அடக்க வேண்டுமானால் அதன் வாழ்க்கையை அறிந்திருக்க வேண்டும். காண்டாமிருக வண்டு கருமை கலந்த பழுப்பு நிறமுடையது. தலையில் கொம்பு ஒன்று உண்டு. ஆணுக்குக் கொம்பு நீளமாகவும், பெண்ணுக்குக் குட்டையாகவும் இருக்கும். பெண் வண்டின் வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். இவ்வடையாளத்தைக் கொண்டு இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

பெண் வண்டு எருக்குழி, குப்பைமேடு, மக்கிய தென்னை மரத்துண்டு, பட்டுப்போய் நிற்கும் மரம் ஆகியவற்றில் முட்டையிடுகிறது. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். முட்டை 8 முதல் 18 நாட்களில் பொரிக்கும். வெளிவரும் புழு வெண்மையாக, பழுப்புத் தலையுடன், வளைந்து கிடக்கும். மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை எருவைத் தின்று வளரும். பின்னர் கூட்டுப்புழுவாகி, 10 முதல் 25 நாட்களில் வண்டாக வெளிவருகிறது. வண்டு பல மாதங்கள் உயிர் வாழும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புழு தென்னையைத் தொடுவதேயில்லை. வண்டு மட்டுமே தென்னையைத் தின்கிறது. புழு வளர்வது உங்கள் எருக்குழியில். வண்டு சேதம் செய்வது உங்கள் மரத்தில், அல்லது பக்கத்துத் தோப்பு மரத்தில். ஆகவே மரத்தை மட்டும் பார்த்து மருத்துவம் செய்வது பாதி வேலையே ஆகும்.

தாக்குதலின் அறிகுறிகள்

வண்டு விரியாத குருத்தை மென்று சாற்றை உறிஞ்சிச் சக்கையை வெளியே தள்ளும். குருத்தின் அடியில் துளையும், துளையின் வாயில் நார் போன்ற சக்கையும் காணப்படும். தாக்கப்பட்ட குருத்து பின்னர் விரியும்போது ஓலை விசிறி வடிவிலோ முக்கோண வடிவிலோ கத்தரியால் வெட்டியதுபோல் தோன்றும். விரியாத பாளையைத் துளைத்தால் அந்தப் பாளை காய்ந்து காய்ப்பு இழக்கப்படும். இளங்கன்றில் வளரும் குருத்தே அழிந்துவிட்டால் கன்று பட்டுப்போகும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. வண்டு ஏற்படுத்திய காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுகிறது. குருத்தழுகல் நோயும் அவ்வழியே நுழையும். காண்டாமிருக வண்டு தாக்கிய மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கூன்வண்டு தாக்கிய மரம் கவனிக்காவிட்டால் சாய்ந்துவிடும்.

புயலுக்குப்பின் வரும் ஆபத்து

நம் கடலோரத்திற்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் தோப்புகளைச் சாய்த்ததை அனைவரும் அறிவோம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் பெருமளவு தென்னைகளை வீழ்த்தியது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் விட்டால் ஓரிரு மழையில் அது மக்கத் தொடங்கும். மக்கிய தென்னை மரம் இவ்வண்டுக்கு எருக்குழியைவிடவும் விருப்பமான முட்டைத் தொட்டிலாகும். புயலில் தப்பிய மரங்களும், புயலுக்குப்பின் நட்ட இளங்கன்றுகளும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இவ்வண்டால் அழிவது இதனால்தான். புயல் முடிந்தவுடன் இழப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு.

நச்சுயிரி கண்டறியப்பட்ட வரலாறு

காண்டாமிருக வண்டு தென் ஆசியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்டது. 1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு இது பசிபிக் கடலிலுள்ள சமோவா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இதற்கு இயற்கை எதிரி எதுவும் இல்லை. தென்னையையே நம்பி வாழ்ந்த அத்தீவு மக்களின் மரங்கள் பல்லாண்டுகள் அழிந்தன. பக்கத்துத் தீவுகளுக்கும் வண்டு பரவியது.

ஜெர்மன் நாட்டுப் பூச்சி நோயியல் அறிஞர் அலாய்ஸ் ஹூகர் என்பவர் 1963-ஆம் ஆண்டில் மலேசியாவில் இவ்வண்டின் புழுக்களை ஆராய்ந்தபோது, அவை ஒரு நச்சுயிரி நோயால் மடிவதைக் கண்டார். அதற்கு மலாயா நோய் என்று பெயரிடப்பட்டது. 1967-ஆம் ஆண்டில் இந்த நச்சுயிரி மேற்குச் சமோவாவில் விடப்பட்டது. நோயுற்ற புழுக்களை அரைத்து, மக்கிய மரத்துண்டுகளிலும் மரத்தூள் குவியல்களிலும் கலந்து வைத்தனர். சில ஆண்டுகளுக்குள் நோய் தீவு முழுவதும் தானே பரவி, மரங்களின் சேதம் வெகுவாகக் குறைந்தது. அதன்பின் பிஜி, டோங்கா, மொரீஷியஸ் போன்ற தீவுகளிலும் இம்முறை கையாளப்பட்டது.

நம் நாட்டில், கேரளத்தில் இந்நோய் இயற்கையாகவே இருப்பதை 1983-இல் வெளியான ஆய்வு காட்டியது. மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் காயங்குளம் வட்டார நிலைய விஞ்ஞானிகள் இலட்சத்தீவுகளின் மினிக்காய் தீவில் 1983-ஆம் ஆண்டிலும், பின்னர் ஆந்திரோத் தீவிலும் இந்நச்சுயிரியை ஏற்றிய வண்டுகளை விட்டு நல்ல பலன் கண்டனர். தொடக்கத்தில் பாக்குலோ வைரஸ் என்ற இனத்தில் சேர்க்கப்பட்ட இது, இன்று நூடி வைரஸ் என வகைப்படுத்தப்பட்டுள்ளது. வேளாண் அலுவலர்களிடம் கேட்கும்போது இரண்டு பெயர்களையும் நீங்கள் கேட்க நேரலாம், பொருள் ஒன்றே.

இது தெளிக்கும் மருந்தல்ல

பச்சைக் காய்ப்புழுவுக்கும் புரோடீனியா புழுவுக்கும் என்.பி.வி. எனப்படும் நச்சுயிரிக் கரைசலைத் தெளிப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அந்நச்சுயிரித் துகள்களைச் சுற்றிப் புரதத்தாலான படிக உறை ஒன்று உண்டு. அவ்வுறை நச்சுயிரியைக் காப்பதால் அதைச் சேமித்து வைத்து, தேவையானபோது நீரில் கலந்து மாலை வேளையில் பயிரின் மேல் தெளிக்க முடிகிறது.

காண்டாமிருக வண்டின் நச்சுயிரிக்கு இத்தகைய உறை கிடையாது. வெயில் பட்டாலும் உலர்ந்தாலும் அது விரைவில் செயலிழந்துவிடும். எனவே இதைத் தென்னையின் மேல் தெளிப்பதில் பயனில்லை. வண்டின் உடலுக்குள்தான் இது உயிர்ப்போடு இருக்கும். அதாவது வண்டே இந்நச்சுயிரியைச் சுமந்து செல்லும் கருவியாகும்.

நோய் பரவும் விதம்

நச்சுயிரி வாய்வழியாக உள்ளே சென்று வண்டின் நடுக்குடல் செல்களில் பல்கிப் பெருகுகிறது. சில நாட்களில் குடல் முழுவதும் நச்சுயிரித் தொழிற்சாலைபோல் ஆகிவிடுகிறது. நோயுற்ற வண்டு உடனே மடிவதில்லை. அது சில வாரங்கள் உயிருடன் இருந்து, எச்சத்தின் வழியே நச்சுயிரியை இடைவிடாது வெளியேற்றிக்கொண்டிருக்கும். அக்காலத்தில் அது பறப்பது குறையும். தின்பது குறைந்து பின்னர் நின்றுவிடும். பெண் வண்டு முட்டையிடுவதை நிறுத்திவிடும்.

இணை சேரும்போது நோயுற்ற வண்டிடமிருந்து மற்றதற்கு நோய் தொற்றும். ஒரே குருத்துத் துளையில் அடுத்து வந்து தின்னும் வண்டுக்கும் எச்சத்தின் மூலம் தொற்றும். முட்டையிட எருக்குழிக்குச் செல்லும் பெண் வண்டு அங்கேயும் எச்சமிட்டு நச்சுயிரியைச் சேர்க்கிறது. அதைத் தின்ற புழுவின் உடல் பளபளப்பாகக் கண்ணாடிபோல் மாறி, வீங்கி, இரண்டு மூன்று வாரங்களில் மடியும். குடலின் பின்பகுதி வெளியே தள்ளியிருப்பதும் உண்டு.

நீங்கள் மருந்து வைத்தால் மருந்து வைத்த மரத்தில் மட்டும் வண்டு சாகும். நோயுற்ற வண்டை விட்டால், நீங்கள் ஏற முடியாத மரத்தையும், உங்களுக்குத் தெரியாத குப்பைமேட்டையும் அதுவே தேடிச் செல்லும். இதுவே இம்முறையின் தனிச்சிறப்பாகும்.

உங்கள் தோப்பில் நோய் இருக்கிறதா?

வண்டுகளை விடுவதற்குமுன் உங்கள் தோப்பு வண்டுகளில் இந்நோய் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மரத்திலிருந்து கம்பிக் கொக்கியால் எடுத்த வண்டுகளையும் பொறியில் விழுந்த வண்டுகளையும் இதற்குப் பயன்படுத்தலாம். சாகடித்தவுடன் பார்க்க வேண்டும். அழுகிய வண்டு உதவாது.

வண்டின் கடினமான முன்னிறகுகளையும் உள்ளிறகுகளையும் அகற்றுக. சிறு கத்தரியால் வயிற்றின் இரு பக்க ஓரங்களையும் வெட்டி, முதுகுப்புறத் தோலை மெல்லத் தூக்குக. உள்ளே நடுக்குடல் நீளமாகச் சுருண்டு தெரியும். நோயற்ற வண்டின் குடல் மெலிந்து, தின்ற உணவு நிறைந்து பழுப்பு நிறமாக இருக்கும். நோயுற்ற வண்டின் குடல் பருத்து, பால் போன்ற வெண்மையாக இருக்கும். தொட்டால் வெண்ணிறத் திரவம் கசியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. புதிதாகக் கூட்டிலிருந்து வெளிவந்த வண்டும், பல நாள் தின்னாத வண்டும் வெற்றுக் குடலுடன் வெளிர் நிறமாகத் தோன்றும். அது நோயல்ல. நோயுற்ற குடல் வெளிறியது மட்டுமன்றிப் பருத்தும் இருக்க வேண்டும். ஐயமிருப்பின் வண்டுகளை உயிருடன் துளையிட்ட டப்பாவில் இட்டு ஆய்வகத்தில் காட்டி உறுதி செய்துகொள்க.

வண்டுகளில் நோய் ஏற்கெனவே பரவலாக இருந்தால் மேலும் விடவேண்டிய அவசரம் இல்லை. எருக்குழிப் பராமரிப்பில் கவனம் செலுத்தினால் போதும். நோய் இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள தோப்புகளிலேயே விடும் வேலை முழுப் பலன் தரும்.

நச்சுயிரி ஏற்றிய வண்டுகளை விடும் முறை

ஒரு ஹெக்டேருக்கு 15 வண்டுகள் வீதம் விட வேண்டும். அதாவது ஏக்கருக்கு 6 வண்டுகள். ஓர் ஏக்கர் வீதம் பத்து உழவர்கள் சேர்ந்தால் 4 ஹெக்டேருக்கு 60 வண்டுகள் தேவைப்படும். ஆணும் பெண்ணும் கலந்திருத்தல் நன்று.

1. நோயற்ற, துடிப்பான வண்டுகளைச் சேகரிக்க வேண்டும். எருக்குழியில் எடுத்த முதிர்ந்த புழுக்களை மக்கிய எருவோடு தொட்டியில் வளர்த்தும் வண்டுகளைப் பெறலாம். கொக்கி குத்திக் காயம்பட்ட வண்டுகள் ஆகா.

2. நோயுற்ற வண்டின் நடுக்குடலை எடுத்து அரைத்து வடிகட்டி நச்சுயிரிக் கரைசல் தயாரிக்கப்படுகிறது. வண்டை மல்லாக்கப் பிடித்து அதன் வாயில் இக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவர்; அல்லது கரைசலில் வண்டுகளை ஊர்ந்து திரிய விடுவர். இவ்வேலையைப் பயிற்சி பெற்றவர் முன்னிலையில் செய்வதே முறை. உண்மையில் நச்சுயிரி இல்லாத கரைசலை ஊட்டிவிட்டால் நீங்களே நல்ல வண்டுகளைத் தோப்பில் விட்டவராவீர்கள்.

3. ஊட்டிய வண்டுகளை ஈரமான மரத்தூள் இட்ட பெட்டியில் நிழலில் வைத்திருந்து, மாலை மங்கும் வேளையில் விட வேண்டும். வண்டு இயல்பாகப் பறக்கும் நேரம் அதுவே. பகலில் விட்டால் காக்கைக்கும் வெயிலுக்கும் இரையாகும்.

4. எல்லா வண்டுகளையும் ஒரே இடத்தில் கொட்டாமல் தோப்பின் பல பகுதிகளில் பிரித்து விட வேண்டும். எருக்குழிகளுக்கு அருகிலும் சில வண்டுகளை விடலாம்.

5. விட்ட தேதி, எண்ணிக்கை, இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும்.

நச்சுயிரி ஏற்றிய வண்டுகளைப் பெறுவது பற்றியும், பயிற்சி பற்றியும் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகிக் கேட்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையங்கள் ஆழியார்நகரிலும் வேப்பங்குளத்திலும் உள்ளன.

உடன் செய்ய வேண்டியவை

நச்சுயிரி ஒன்றை மட்டும் நம்பிச் சும்மா இருத்தல் கூடாது. பின்வருவனவற்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் நிலைக்கும்.

மக்கிய மரங்கள்: பட்டுப்போன மரங்களையும் அடிக்கட்டைகளையும் வெட்டிப் பிளந்து அகற்ற வேண்டும். விழுந்த மரங்களைத் தோப்பில் மக்க விடலாகாது.

எருக்குழி: குழியை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். கிளறும் நாளில் கோழிகளை அவிழ்த்து விட்டால் அவையே புழுக்களைத் தேடித் தின்னும். முற்றிய எருவைக் காலத்தோடு வயலுக்குக் கொண்டு சென்றுவிட வேண்டும்.

பச்சைப் பூஞ்சை: மெட்டாரைசியம் என்னும் பூஞ்சை புழுக்களுக்கு நோய் உண்டாக்கும். 250 மில்லி பூஞ்சைக் கரைசலை 750 மில்லி நீரில் கலந்து எருக்குழியில் தெளிக்கலாம். குழியில் ஈரம் இருக்க வேண்டும். நச்சுயிரி வண்டையும், பூஞ்சை புழுவையும் தாக்குவதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

இளங்கன்றுகள்: நச்சுயிரி பலன் தருவதற்குச் சில காலம் ஆகும். அதுவரை கன்றுகளைக் காத்துக்கொள்வது உங்கள் கையில்தான் உள்ளது. உட்புற மூன்று மட்டைகளின் இடுக்கில் மட்டைக்கு ஒன்றாக அந்துருண்டை வைத்து மணலால் மூடி, 45 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அல்லது வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் அவ்விடுக்குகளில் இடலாம்.

பொறிகள்: ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து, சிறு மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வைத்தால் வண்டுகள் கவரப்பட்டு விழும். இனக்கவர்ச்சிப் பொறியை 2 ஹெக்டேருக்கு ஒன்று வீதம் வைக்கலாம்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். பொறி வண்டைப் பிடிக்கிறது. நச்சுயிரி முறையோ வண்டை உலவ விடுகிறது. நோய் ஏற்றிய வண்டை இன்று விட்டு, நாளை நம் பொறியிலேயே பிடித்துக் கொன்றால் உழைப்பு வீணாகும். ஆகவே பொறிகளை முதலில் வைத்து வண்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். விடுவதற்குமுன் அவற்றை எடுத்துவிட வேண்டும். விட்ட பிறகு சில வாரங்கள் பொறி வைக்காமல் இருக்க வேண்டும். பக்கத்துத் தோப்பினரும் இவ்வாறே செய்வது அவசியம்.

உழவர்கள் கேட்கும் ஐயங்கள்

இந்த நச்சுயிரியால் மனிதருக்கோ கால்நடைக்கோ தீங்கு உண்டா?

இல்லை. இது காண்டாமிருக வண்டையும் அதன் நெருங்கிய இனங்களையுமே தாக்கும். இளநீர், தேங்காய், பதநீர் எதுவும் கெடாது. கோழி நோயுற்ற புழுவைத் தின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தேனீக்கும் கேடில்லை.

வண்டை ஒழிக்கச் சொல்லிவிட்டு, வண்டையே விடச் சொல்வது முறையா?

விடும் வண்டு மிகச் சில வாரங்களே வாழும். விரைவில் தின்பதையும் முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். ஏக்கருக்கு ஆறு வண்டுகள் செய்யும் சேதம் சிறிது. அவை தொற்ற வைக்கும் வண்டுகளும், அவ்வண்டுகள் இடாமல் விடும் முட்டைகளும் பல.

பலன் எப்போது தெரியும்?

மருந்துபோல் மறுநாள் தெரியாது. இன்று வெட்டுப்பட்ட குருத்து விரிந்து வெளியே தெரியவே சில வாரங்கள் ஆகும். எனவே பழைய ஓலைகளைப் பார்த்து முறை பலிக்கவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். மரத்திற்கு மரம் புதிதாக விரிந்த ஓலைகளில் வெட்டு உள்ளவை எத்தனை என்று ஆறு மாதத்திற்கு ஒருமுறை எண்ணிக் குறித்துவந்தால், ஓராண்டு இரண்டாண்டில் மாற்றம் புலப்படும்.

ஒருமுறை விட்டால் போதுமா?

நோய் தானே சுழன்று வரக்கூடியது. ஆயினும் வண்டுகள் மிகவும் குறைந்தபின் தொற்றும் குறையும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் சில வண்டுகளை அறுத்துப் பார்த்து, நோய் மறைந்திருந்தால் மீண்டும் விட வேண்டும்.

நச்சுயிரியும் தோற்கலாம்

மருந்துக்குப் பூச்சி பழகுவதுபோல் நச்சுயிரிக்கும் பழகுமா என்று நீங்கள் கேட்கலாம். பழகியதுண்டு. மேலே கூறிய ஆப்பிள் காய்த்துளைப்பானுக்கு உரிய நச்சுயிரி ஒன்று மெக்சிகோ நாட்டில் கண்டறியப்பட்டு, 1980-களின் பிற்பகுதி முதல் ஐரோப்பாவில் மருந்தாகவே விற்கப்பட்டது. ஒரே வகை நச்சுயிரியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து தெளித்த சில ஜெர்மன் தோட்டங்களில் அது பலிக்காமல் போனது 2005-இல் வெளியானது. பின்னர் வேறு வகைகளைத் தேடிக் கண்டே அதைச் சரிசெய்ய நேர்ந்தது.

நம் வண்டிலும் எச்சரிக்கை ஒன்று உண்டு. 2007-ஆம் ஆண்டில் குவாம் தீவில் காண்டாமிருக வண்டு நுழைந்தது. வழக்கமான நச்சுயிரியை விட்டும் அங்கே பலன் கிடைக்கவில்லை. ஆராய்ந்தபோது, அது அந்நச்சுயிரிக்கு எளிதில் ஆட்படாத வேறொரு வகை வண்டு எனத் தெரிந்தது. அவ்வகை பின்னர் ஹவாய், பாப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் ஆகியவற்றிலும் காணப்பட்டது. ஆகவேதான் வெளியிடங்களிலிருந்து எரு, தென்னங்கன்று, மரக்கட்டை ஆகியவற்றைக் கொண்டுவரும்போது வண்டும் புழுவும் இல்லாதபடி பார்த்தே கொண்டுவர வேண்டும். ஆகவேதான் நச்சுயிரியோடு பூஞ்சையும் சுகாதாரமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். ஒரே ஆயுதத்தை நம்பியவன் அது மழுங்கும் நாளில் வெறுங்கையோடு நிற்பான்.

ஊர் கூடிச் செய்யும் வேலை

நெல் வயலில் அவரவர் வரப்புக்குள் மருந்து தெளித்துக்கொள்ளலாம். தென்னை வண்டுக்கு வரப்பு தெரியாது. நீங்கள் எருக்குழியைச் சுத்தமாக வைத்திருந்தும், பக்கத்தில் புயலில் விழுந்த மரம் மூன்று ஆண்டுகளாக மக்கிக்கொண்டிருந்தால் அதில் பிறக்கும் வண்டு உங்கள் கன்றைத்தான் தேடி வரும். அதேபோல் நீங்கள் விட்ட நோயுற்ற வண்டின் பலன் பக்கத்துத் தோப்புக்கும் போகும். எனவே பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி, ஒரே வாரத்தில் மரக்கட்டைகளை அகற்றி, ஒரே நாளில் எருக்குழிகளைக் கிளறி, ஒரே மாலையில் வண்டுகளை விடுவதே சிறந்தது.

வடகிழக்குப் பருவமழைக்குமுன் மக்கிய மரங்களை அகற்றுதல், மழைக்காலத்தில் ஈரமுள்ள குழிகளில் பூஞ்சை இடுதல், மழை ஓய்ந்தபின் வண்டுகளைச் சேகரித்து அறுத்துப் பார்த்தல், அதன் முடிவைப் பொறுத்து நச்சுயிரி ஏற்றிய வண்டுகளை விடுதல் என்று ஆண்டு வேலைகளை வகுத்துக்கொள்ளலாம்.

முடிவுரை

காண்டாமிருக வண்டு மருந்துக்கு எட்டாத இடத்தில் ஒளிந்து வாழ்கிறது. அங்கே செல்ல வல்லது அதன் இனத்தைச் சேர்ந்த நோயுற்ற வண்டு மட்டுமே. ஏக்கருக்கு ஆறு வண்டுகளும், சுத்தமான எருக்குழியும், அண்டை அயலாரின் ஒத்துழைப்பும் இருந்தால், அதிகச் செலவின்றியும் நஞ்சின்றியும் இவ்வண்டின் பெருக்கத்தை அடக்கலாம். இவ்வாரம் உங்கள் தோப்பில் கிடைக்கும் ஒரு வண்டை அறுத்துக் குடலின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பா, வெண்மையா என்பதே உங்கள் அடுத்த வேலை என்ன என்பதைக் காட்டும்.